தகப்பன் பெயர் முதலில்

மகளுக்குக் குதிரை காட்டவென்று நாங்கள் குடியிருக்கும் புருசெத்திலிருந்து பந்தயத் திடலுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவரைச் சந்தித்தேன். அங்கே லாயத்தில் வேலை செய்யும் தமிழர். சிவப்புக் கம்பளித் தொப்பி, குதிரைமயிர் ஒட்டிய ஜாக்கெட், அதன் பை நிறையக் கரட். எந்தக் குதிரையையும் அவர் நேராகப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவதில்லை. தகப்பனில்தான் தொடங்குவார்.

ஒரு செம்பழுப்புக் குதிரையின் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டே போனவர், இருநூற்றைம்பது வருடங்களுக்கு முந்திய எக்ளிப்ஸ் என்ற இங்கிலாந்துக் குதிரையில் வந்து நின்றார்.

“சூரிய கிரகணத்தண்டு பிறந்தவர், அதாலைதான் அந்தப் பேர். ஒரு ஓட்டத்திலையும் தோக்கேல்லை. கடைசியிலை அவரோடை ஓட ஆளில்லாமல் நிப்பாட்டிப்போட்டினம். இண்டைக்கு ஓடுற பந்தயக் குதிரையள் பெரும்பாலும் அவரின்ரை வழிதான்.”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. புதுத் தமிழரைக் கண்டால் நம்மவர் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். வாய் கேட்பது ஊரை, மனம் தேடுவது சாதியை.

“அண்ணை, ஊரிலை நீங்கள் எவடம்? ஆரின்ரை மகன்?”

அவர் குதிரைக்கு ஒரு கரட்டைக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

“ஏன் தம்பி, என்னையும் பந்தயத்திலை ஓடவிடப் போறியளோ?”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துச் சமாளித்தேன்.

திரும்பும் வழியில் அவள் அந்தக் குதிரையின் பரம்பரையை எக்ளிப்ஸ் வரை ஒப்புவித்துவிட்டு, “அப்பா, அந்த மாமாக்கு என்ன பேர்?” என்று கேட்டாள்.

அதை நான் கேட்கவேயில்லை.