எட்டு ஊர், எட்டு பாட்டில்

எட்டு ஊர் ஜனங்களை ஏமாற்றியது நீங்கள்தான், மாமா. என்னை வைத்து ஏமாற்றினீர்கள். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. வந்தாலும் இதில் பேசப் போவதில்லை.

வாசிப்பவர்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். மாமா என்பது என் அத்தையின் வீட்டுக்காரர். ஆம்பூரில் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதிக்கும் ஒரு தனியார் கூடத்தில் வேலை பார்த்தார். ஊர் ஊராகப் போய் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருவது அவர் வேலை. பாலாற்றின் இரண்டு கரையிலும் இருந்த எட்டு ஊர்க்காரர்கள் அப்போது மனு கொடுத்திருந்தார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கி எங்கள் கிணறெல்லாம் கெட்டுவிட்டது, குழாயில் குடிதண்ணீர் கொடுங்கள் என்று. பரிசோதனையில் கெட்ட தண்ணீர் என்று வந்தால் குழாய் போடுவோம் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அப்போது எனக்குப் பதினொரு வயது. மாமா ஒரு நாள் முழுக்க சைக்கிள் ஓட்டக் கூட்டிப் போகிறார் என்பது மட்டும்தான் தெரியும்.

சைக்கிள் அக்காவுடையது. பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது. சீட்டில் உட்கார்ந்தால் எனக்குக் கால் எட்டாது, நின்றபடியேதான் மிதிப்பேன். தெருமுனையைத் தாண்டி அதை ஓட்ட அம்மா விட்டதே இல்லை. அப்படிப்பட்ட அம்மாவிடம் மாமா வந்து, ஆற்றுக்கு இந்தக் கரையில் போய், தரைப்பாலத்தில் தாண்டி, அந்தக் கரை வழியாகத் திரும்பி வருகிறோம் என்று சொன்னபோது நான் அவரைச் சாமி மாதிரிப் பார்த்தேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நான் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

"ஞாயித்துக்கெழமை எதுக்குண்ணா யூனிபார்ம்? இப்பதான் தொவைச்சிப் போட்டேன்" என்றாள் அம்மா.

"போற எடத்துல ஒரு மரியாதை இருக்கும்மா. ரிப்பன் கூட கட்டி உடு."

மாமாவிடம் மொபெட் இருந்தது. ஒரு வாரம் முன்னால் அதில்தான் போயிருக்கிறார். தொழிற்சாலை ஆள் என்று நினைத்து ஒரு ஊரில் அவருடைய பாட்டில்களைப் பிடுங்கி வயலில் எறிந்துவிட்டார்கள். அதை அத்தையிடம் அவரே சிரித்துச் சிரித்துச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அதற்கும் நாங்கள் சைக்கிளில் போவதற்கும், என் இரட்டை ஜடைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். மாமா முன்னால், நான் பின்னால். அவருடைய கேரியரில் காலி பாட்டில்கள் அடுக்கிய அட்டைப் பெட்டி. ஆற்றங்கரை மண்பாதையில் சக்கரம் புதைந்த இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளினோம். ஆற்றில் மணல்தான் இருந்தது. தொழிற்சாலைப் பக்கம் வந்த ஒரு கால்வாயில் மட்டும் தண்ணீர் போனது, கரையோரம் நுரை ஒதுங்கியிருந்தது. நாத்தம் தாங்காமல் ரிப்பன் நுனியை மூக்கில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். அப்படியும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு ஊரிலும் நடந்தது ஒன்றுதான். மாமா சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவேன். ஆட்கள் கூடுவார்கள். "இன்னா பாப்பா, ஸ்கூல்ல அனுப்பிச்சாங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லும்படி மாமா சொல்லியிருந்தார். நானும் சொன்னேன். யாரும் என்னை விரட்டவில்லை. வாளி இறக்கி அவர்களே மொண்டு கொடுத்தார்கள். நான் பாட்டிலை நிரப்பி, லேபிளில் ஊர்ப் பெயரை எழுதி, ஊர்க்காரர் ஒருவரிடம் அதன்மேல் கையெழுத்து வாங்கி ஒட்டுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் குட்டி வட்டம் போடுவேன். மாமா அதைப் புகழ்ந்தார். மூடிக்கு முத்திரை எதுவும் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று கேட்க ஊர்க்காரர்களுக்குத் தெரியவில்லை.

ஏழாவது ஊரில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. கிணற்றில் அப்படித் தண்ணீர் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. வாளி இழுத்த அந்த அம்மாவின் முழங்கைவரை தோல் வெடித்து, செதில் செதிலாக இருந்தது.

"இன்னா பாக்குற? தொட்டா ஒட்டிக்காது" என்றார். "இதுல சோறாக்குனா மஞ்சளாப் பூடும். சாயந்தரத்துக்குள்ள ஊசிப் பூடும். மாடு கூட மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குது. மாட்டுக்குத் தெரியுது, ஆபீசருக்குத் தெரியல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தாகமாக இருக்கிறது என்றேன். வீட்டுக்குள் போய் ஒரு சொம்பு கொண்டுவந்து, டம்ளரில் பாதிதான் ஊற்றிக் கொடுத்தார். நல்ல தண்ணீர். கஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன். அதை ஆறு கிலோமீட்டர் நடந்து போய்த் தலையில் தூக்கி வந்திருக்கிறார்கள் என்பது, அவ்வளவு தூரம் சைக்கிளை மிதித்து வந்த எனக்குக்கூட உறைக்கவில்லை.

அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. லேபிளில் கைநாட்டு வைத்தார். பாட்டிலை அவரே பெட்டியில் நிறுத்தி, சாயாமல் இருக்க ஒரு துணியைச் சுருட்டிப் பக்கத்தில் செருகினார்.

"பாத்து எடுத்துக்கினு போ கண்ணு. வழியில சிந்திடாத. இத வெச்சிதான் எங்களுக்குக் கொழா வரணும்."

எட்டாவது ஊரும் முடிந்தபோது மணி மூன்று இருக்கும். வீட்டுக்குத் திரும்ப வலது பக்கம் போக வேண்டும். மாமா இடது பக்கம், மலையடிவாரத்துக்குத் திரும்பினார். ஒரு மாந்தோப்பில் பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது. தெளிவான தண்ணீர். முகம் கழுவினோம், வயிறு முட்டக் குடித்தோம். பிறகு மாமா பெட்டியை இறக்கி வைத்தார்.

"எல்லாத்தையும் கொட்டிட்டு இதுல ரொப்பு."

"ஏன் மாமா?"

"காலையிலேர்ந்து வெயில்ல கெடக்குதில்ல? கெட்டுப் போயிருக்கும். கெட்ட தண்ணியக் கொண்டு போனா மாமாவுக்குத்தான் பேஜாரு."

"அப்ப திரும்ப அந்த ஊருக்குப் போயிதான ரொப்பணும்?"

சிரித்தார். "அடி பைத்தியம். எல்லாம் பூமிக்கு அடியில ஓடுற ஒரே தண்ணிதான். எங்க புடிச்சா இன்னா? புக்குல படிக்கல நீ?"

படித்த மாதிரிதான் இருந்தது. நிலத்தடி நீர் என்று ஒரு பாடம். அதனால் கொட்டினேன். ஒவ்வொரு பாட்டிலாகக் கவிழ்த்தேன். மண்ணில் நுரை நின்றது. ஏழாவது பாட்டிலை எடுத்தபோது மட்டும் கை நின்றது. "மாமா, அந்த அம்மா சிந்தக் கூடாதுன்னு சொன்னாங்க" என்றேன்.

"நீ சிந்தலயே. ஊத்துற. ரெண்டும் ஒண்ணா?"

ஊற்றினேன். மண் அதைக் குடித்தது. மாந்தோப்புத் தண்ணீரைப் பிடித்து மூடினேன். லேபிள் நனையாமல் பிடித்தேன் என்று மாமா தட்டிக் கொடுத்தார். ஆம்பூருக்குள் வந்ததும் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். என் வாழ்க்கையிலேயே சிறந்த நாள் அது என்று ஒரு வருஷம் வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது நான் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். சாயந்தரம் கிளம்பும்போது கம்பெனிக் குழாயில் மூன்று பாட்டில் பிடித்துப் பையில் வைத்துக்கொள்வாள். சூப்பர்வைசர் கிண்டல் செய்தார். அவளுக்குப் பதிலாக நான் சண்டை போட்டேன். மறுநாள் வேலைக்கு நடுவே, எந்த ஊர் என்று அவளிடம் கேட்டேன். ஏழாவது ஊர்.

"உங்களுக்கு இன்னும் குழாய் வரலியா?"

"எங்க தண்ணி நல்ல தண்ணின்னு அப்பவே ரிப்போர்ட் குடுத்துட்டாங்கக்கா. எட்டு ஊருக்கும். எப்ப மனு குடுத்தாலும் அதையே எடுத்து நீட்டறாங்க. எங்க பெரியம்மா ரெண்டு கையும் புண்ணாகிச் செத்துப் போனாங்க. அவங்கதான் அன்னிக்கு ரொப்பிக் குடுத்தாங்களாம். யாரோ ஒரு ஸ்கூல் பொண்ணு வந்துச்சாம்."

போனில் அந்த ரிப்போர்ட்டைக் காட்டினாள். கடைசிப் பக்கத்தில் எட்டு பாட்டில்களின் படம். லேபிள்களில் என் கையெழுத்து. புள்ளிக்குப் பதில் குட்டி வட்டங்கள். ஒன்றில் கைநாட்டு. என் கையிலிருந்த ஷூ கீழே விழுந்தது. லைனை நிறுத்திவிட்டார்கள். என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள். ஷூவை எடுத்துத் துடைத்து மேஜையில் வைத்தேன்.

அன்றே மாமாவுக்குப் போன் செய்தேன். "எப்பவோ நடந்தது, அத இன்னாத்துக்குக் கெளர்ற? நீ அப்ப கொழந்த, உன் மேல யாரும் கேஸ் போட மாட்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். என் மேல் கேஸ் வருமா என்று நான் கேட்கவே இல்லை. அத்தையின் மானம் போய்விடும், விட்டுவிடு என்று அம்மா அழுகிறாள். அந்தப் பெண்ணிடம் மறுநாளே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. எழுந்து வேறு மேஜைக்குப் போய்விட்டாள். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

யூனிபார்ம் எனக்கு மரியாதை கொடுக்கும் என்று நினைத்தேன். ஊர்க்காரர்கள் பார்த்தது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை. பொய் சொல்லாது என்று நம்பிக் கொடுத்தார்கள். உங்களால் தனியாக வாங்க முடியாத அந்த நம்பிக்கையை வாங்கத்தான் என்னைக் கூட்டிப் போனீர்கள் என்பது பதினொரு வயதில் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது அந்த அம்மா உயிரோடு இல்லை.

வரும் கிராம சபையில், அந்த ஏழாவது ஊரில், நான் மைக்கைப் பிடித்து நான் செய்ததைச் சொல்லப் போகிறேன். நீங்களும் வர வேண்டும் மாமா. உங்கள் முதலாளி சொன்னாரா, தொழிற்சாலைக்காரர் சொன்னாரா, அதிகாரி சொன்னாரா? யார் சொல்லி அந்தத் தண்ணீரைக் கொட்ட வைத்தீர்கள்? போனில் எனக்குச் சொல்ல வேண்டாம். ஊர் முன்னால், அந்த அம்மாவின் பிள்ளைகள் முன்னால், பெயரைச் சொல்லுங்கள்.