சிவப்புக் கட்டத்தில் விழுந்த முகம்

சிடாம் கிரி என்ற ஊரில் பிறந்த உமாராணி, சிங்கப்பூரில் ஒரு கடைத்தொகுதியில் ஒன்பது வருஷம் காவலராக இருந்தவள். ஊருக்குத் திரும்பி வந்து, அருகே பாக்கார் ஆராங்கில் ஒரு பேரங்காடியில் சேர்ந்தாள். அங்கே முகத்தை அடையாளம் காட்டும் கேமரா புதிதாக வந்திருந்தது. முன்பு திருடியவன் நுழைந்தால் திரையில் முகத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழும்.

சிங்கப்பூர்க் கடையிலும் அது இருந்தது. ஆனால் அங்கே இரண்டு பேர் பழைய படத்தோடு முகத்தை ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடாமல் யாரும் ஆளை நெருங்கக் கூடாது. இங்கே திரையைப் பார்ப்பவர் வாக்கிடாக்கியில் சொன்னால் போதும். மூன்றே மாதத்தில் அவளுக்கும் அது பழகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை காலை கட்டம் விழுந்ததும், "மாவு வரிசை, நீலச் சட்டை" என்றாள். பிறகுதான் படத்தைப் பார்த்தாள். திருடனுக்குத் தாடையில் தழும்பு, இவருக்கு இல்லை.

"ஆள் வேற, நிறுத்துங்க" என்றாள். பதில் வரவில்லை. ஓடினாள்.

நீலச் சட்டைக்காரர், லோரி ஓட்டும் பிச்சை என்பவர், கிழிந்த மாவுப் பொட்டலங்களுக்கு நடுவே கிடந்தார். காவலன் நடராஜா அவர் முடியைப் பிடித்து முகத்தைத் தரையில் மோதினான். இன்னொருவன் பூட்ஸ் காலால் காதில் மிதித்தான். மாவு ரத்தத்தில் குழைந்தது.

"நான் எதும் எடுக்கலங்க..."

நடராஜா தடியை ஓங்கினான். உமாராணி குறுக்கே விழுந்து கையை நீட்டினாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"தள்ளுங்க லா அக்கா. கேமராவே காட்டிருச்சு" என்றான் நடராஜா.

"கேமராவா மிதிச்சிச்சு? நீங்க மிதிச்சீங்க. நான் ஏவி விட்டேன்."

மறுநாள் மேலாளர் எரிக் மருத்துவமனைக்கே வந்தார். "மெஷின் கோளாறுன்னு சொல்லிருங்க அக்கா. யாருக்கும் பிரச்சனை இல்ல."

மாவுக்கட்டுக் கையோடு அவள் பாலாய் என்னும் போலீஸ் நிலையத்துக்குப் போனாள். முதலில் தன் தவற்றைச் சொன்னாள்; பிறகு மற்றவர்களுடையதை. இரண்டு கடைக் காவலர்களும் கைதானார்கள். அவளுக்கும் வேலை போயிற்று. கேமராவைக் கடை கழற்றவில்லை. ஆனால் அவள் வாக்குமூலத்தில் சொன்னபடி, இருவர் பார்த்துக் கையெழுத்திடும் வழக்கம் அங்கே வந்தது.

பிச்சையைப் பார்க்கப் போனாள்.

"வலது காது கேக்காதுமா. இந்தப் பக்கம் உக்காருங்க" என்றார்.

மாறி உட்கார்ந்தாள். வாக்கிடாக்கியில் பேசியது தான்தான் என்றாள். பிச்சை அவள் மாவுக்கட்டைப் பார்த்தார்.

"கை தூக்க வருதா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லண்ணே."