வலியே இல்லை என்றார்

நன்னிலத்தில் இருந்துகொண்டு என் சர்க்கரை நோயைப் பற்றி வலைப்பூவில் எழுதி வருகிறேன். எங்களை 'வாயைக் கட்டாதவங்க' என்று சொல்வது எப்படிச் சுடுகிறது என்று ஒருமுறை எழுதியிருந்தேன். நாகப்பட்டினத்திலிருந்து மும்தாஜ் என்ற பெண் அதற்குப் பதில் போட்டிருந்தார்.

"எங்க டாக்டரும் அப்படித்தான் சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் போகவே இல்லை. இப்ப கால் விரல்ல புண்ணு. நல்லவேளை, வலியே இல்லை."

கடைசி வரியை இன்னொரு முறை படித்தேன். சர்க்கரை உள்ளவரின் புண் வலிக்கவில்லை என்றால், அந்த இடத்தில் உணர்வு செத்துவிட்டது என்று பொருள். முகவரி கேட்டுக்கொண்டு மறுநாளே பஸ் ஏறினேன்.

கணவர் சவுதியில் இருந்தார். வீட்டில் மும்தாஜ் மட்டும்தான். காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும் வாடை அடித்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது. கறுப்பு பாதத்திலும் ஏறத் தொடங்கியிருந்தது.

"கிளம்புங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம்" என்றேன்.

ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கால் போய்விடுமா என்று கேட்பார் என நினைத்தேன்.

"அக்கா, திட்டுவாங்களா?" என்றுதான் கேட்டார்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள், கால் தப்பியது. மும்தாஜ் பதில் எழுதியதால் எனக்குத் தெரிந்தது. படித்துவிட்டு எதுவும் எழுதாமல் இருப்பவர்களை நினைத்தால்தான் இப்போதும் பயமாக இருக்கிறது.