பிறந்தநாள் வீடுகளில் ஒரு லிப்ட் மெக்கானிக்

அவர் லிப்ட் மெக்கானிக். பகலெல்லாம் உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைக்குள் ஒற்றை ஆளாக இருக்கும் வேலை. மனைவிக்கு வேறொரு நகரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாதத்துக்கு இரண்டு முறை வந்து போவார். மகளுக்குத் தலை பின்னுவதிலிருந்து வீட்டுப்பாடம் வரை எல்லாம் இவர் தலையில்தான்.

மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது அரை பிஸ்கட் தின்றதும் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துப் போனது. முந்திரி சேராது என்றார் டாக்டர். மறுபடி அப்படி ஆனால் உடனே தொடையில் குத்துகிற பேனா போன்ற ஊசி ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"இது எப்பவும் பிள்ளை பக்கத்துல இருக்கணும். பீரோவுக்குள்ள பத்திரமா வெச்சிடாதீங்க."

பிறந்தநாள் விழாவுக்கு மற்றப் பெற்றோர் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவர் மட்டும் உள்ளே போய் உட்காருவார். ஊசி சட்டைப் பையில். மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா, அதில் அவரே சுட்ட கேக். முதல் கேக்கை வெட்ட முடியவில்லை. "அப்பா, இது செங்கல்லா?" என்று கேட்டாள் மகள். ஐந்தாறு முயற்சிக்குப் பிறகு வாயில் வைக்கிற பதத்துக்கு வந்தது.

போன வீட்டிலெல்லாம் கூச்சத்தோடு கேட்பார். "கேக் அட்டையைக் கொஞ்சம் பாக்கலாமாம்மா?" அட்டையைத் தூக்கிப் போட்டிருந்தால் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, முந்திரி சேர்த்திருக்கிறதா என்று படிப்பார். கத்தி, தட்டு, பிள்ளைகளின் கை எல்லாவற்றின் மீதும் ஒரு கண். பெண்கள் சமையலறையில் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இவர் போனால் பேச்சு நின்றுவிடும். அதனால் போக மாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று பலூன் ஊதினார். அப்புறம் ஒரு வீட்டில், "அண்ணா, இந்த லைட் மினுக்கு மினுக்குன்னு மினுக்குது, பாக்குறீங்களா?" என்றார்கள். பார்த்தார். அடுத்த வீட்டில் குழாய். பிள்ளைகளுக்கு அவர் 'லிப்ட் மாமா' ஆனார். வேலை சொல்லவாவது கூப்பிடுகிறார்களே என்று அவருக்கு ஒரு திருப்தி.

மகளின் ஏழாவது வயதில், ஒரு வீட்டில் பால்கனிக் கதவின் கீலை இறுக்கிக்கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த அந்த வீட்டுப் பிள்ளையின் அத்தை, டப்பாவோடு தனியாக உட்கார்ந்திருந்த மகளுக்கு, விஷயம் தெரியாமல் ஒரு வாய் கேக் ஊட்டிவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மகள் வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, தொண்டை ஒரு மாதிரி இருக்கு."

குரல் கம்மியிருந்தது. ஸ்க்ரூடிரைவரைப் போட்டுவிட்டு அவளைத் தரையில் படுக்க வைத்தார். துணிக்கு மேலேயே தொடையில் ஊசியை அழுத்தி, மருந்து இறங்கும் வரை வாய்விட்டு எண்ணினார். "ஆம்புலன்ஸ கூப்பிடுங்க!" என்று கத்தினார். யாரோ பாட்டை நிறுத்தினார்கள். "ஏக்கமா பாத்துச்சேன்னு ஒரு வாய்தான் குடுத்தேன்" என்று அத்தை அழுதுகொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதோடு அழைப்புகள் நின்றன. எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டிருந்த ஒரு வீட்டுக்கு அவரே போன் போட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. அன்னைக்குப் பாத்ததுல இருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எங்க வீட்டுல ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா..."

"பரவாயில்லம்மா" என்று வைத்துவிட்டார். மோட்டார் அறையில் வேலை முடிந்த பிறகும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் மேல் கோபம் வரவில்லை. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் வலித்தது.

எட்டாவது பிறந்தநாளுக்கு ஒன்பது பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்தார். நாற்பது பலூன் ஊதினார். வந்தவள் ஒருத்திதான், முன்பல் விழுந்த ஒரு வாயாடி. மகள் அவளை 'ஓட்டைப்பல்' என்று கூப்பிடுவாள். இரண்டு பேரும் நாற்பது பலூனையும் உடைத்துத் தீர்த்தார்கள். அவர்களுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. மீதி எட்டுப் பரிசுப் பைகளை மகள் கண்ணில் படாமல் அலமாரியின் மேல்தட்டில் தள்ளி வைத்தார்.

ஓட்டைப்பல்லுக்குப் பத்து வயது ஆனபோது அழைப்பு வந்தது. அவர் சட்டை தேய்க்க ஆரம்பித்தார்.

"நீ வர வேணாம்ப்பா" என்றாள் மகள்.

"ஏன்டா?"

"யாரோட அப்பாவும் வர்றதில்ல. ஊசிய நானே இடுப்புப் பையில வெச்சுக்குறேன். யார் குடுத்தாலும் வேணாம்னு சொல்லிடுவேன்."

முந்தின நாளே அந்த வீட்டுக்குப் போய், பழகுவதற்கான வெற்று ஊசியை வைத்து அம்மாக்காரியிடம் செய்து காட்டினார். அந்தப் பெண் தன் தொடையிலேயே மூன்று முறை அழுத்திப் பார்த்தாள். "முந்திரி, கிந்திரி எதுவும் வீட்டுல இல்லண்ணா, எல்லாத்தையும் குடுத்துட்டேன். நாளைக்கு நீங்களும் வந்து உக்காருங்களேன்."

"வரக்கூடாதுன்னு உத்தரவும்மா" என்று சிரித்தார்.

மறுநாள் வாசலில் மகளை விட்டார். அவள் திரும்பிப் பார்க்காமல் படியேறினாள். வீடு பத்து நிமிட நடைதான். போகவில்லை. எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார். பஸ்கள் வந்து நின்று, இவர் ஏறாததைப் பார்த்துப் போயின. பழைய பழக்கத்தில் கை சட்டைப் பையைத் தொட்டது, பை காலி. மனைவிக்குப் போன் செய்தார்.

"என்னாச்சுங்க?" பதற்றமான குரல்.

"ஒண்ணும் ஆகல."

"அப்புறம் எதுக்கு இந்த நேரத்துல?"

"சும்மாதான்."

"டெஸ்ட் ஓடிட்டிருக்கு, அப்புறம் பேசட்டா?"

"சரி."

வேறு யாரைக் கூப்பிடலாம் என்று போனில் பெயர்களைத் தள்ளிப் பார்த்தார். பாதிப் பேர் லிப்ட் நின்றால் கூப்பிடுகிறவர்கள். மீதி, இன்னாரின் அம்மா, இன்னாரின் அம்மா என்று பிறந்தநாள் வீடுகள். அவர்களிடம் கேக் அட்டையைத் தவிர வேறெதையும் பற்றி அவர் பேசியதே இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்து மகள் வியர்வையும் சிரிப்புமாக இறங்கி வந்தாள்.

"இங்கயேவா இருந்த?"

"இப்பதான் வந்தேன்."

வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். யார் ஜெயித்தார்கள், யார் அழுதார்கள், ஓட்டைப்பல் பாட்டு நடுவில் எப்படித் தும்மினாள் என்று. எல்லாவற்றையும் இனி இப்படிக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"லிப்ட் மாமா எங்கன்னு யாராச்சும் கேட்டாங்களா?" விளையாட்டாகக் கேட்பது போலக் கேட்டார்.

அவள் நின்று நிஜமாகவே யோசித்தாள். "இல்லையேப்பா."

அதன் பிறகு அவள் தனியாகவே போய்வந்தாள். ஒரு குறையும் வரவில்லை. ஓட்டைப்பல்லின் அம்மா சொல்லிச் சொல்லி, இரண்டொரு வீடுகள் மறுபடி அழைக்கத் தொடங்கின. பிறந்தநாள் வீடுகளுக்கென்று இத்தனை வருஷம் ஒதுக்கி வைத்திருந்த சனிக்கிழமைகளுக்கு, அவர் கம்பெனியில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார்.