கிழக்குக் கயிறு

பேச்சியம்மாளின் இடுப்பை முறித்தவன் நான். என் மச்சான் சவரிமுத்து அல்ல... நான்!

ஊரில் யாரைக் கேட்டாலும் மச்சானின் பெயரைத்தான் சொல்வார்கள். அவரும் அப்படியே நம்பிச் செத்துப்போனார். நம்ப வைத்தவனும் நானே. நீங்கள் முகம் சுளிக்கலாம். சுளியுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிடுங்கள்.

தாடிக்கொம்பு சாலையை ஒட்டிய எங்கள் ஊரில், அக்காவும் மச்சானும் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தென்னை நின்றது. இடி விழுந்து கருகிய மரம், வெட்டிச் சாய்த்தாக வேண்டும். அதற்குக் கிழக்கே அக்காவின் ஓட்டு வீடு. வடமேற்கே பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளின் மாட்டுக் கொட்டகை. நேர் வடக்கே மட்டும் வெற்றிடம். மரம் அங்கே விழ வேண்டும்.

நேர் வடக்கே நின்று இழுப்பவன் தலையில்தானே மரம் விழும்? ஆகையால் உச்சியில் இரண்டு கயிறு கட்டி, ஆட்களைச் சரிபாதியாகப் பிரித்து, இரு பக்கமும் விலகி நின்று, சாய்கிற போக்கைப் பார்த்துப் பார்த்து இழுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். கல்லூரியில் இன்டர்மீடியட் மாணவர்களுக்குப் பௌதிகம் கற்பிக்கிறவன். சும்மா இருப்பேனா? ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து மண்ணில் கணக்குப் போட்டேன். ஊரே சுற்றி நின்று பார்த்தது... அந்தப் பெருமையை என்னவென்று சொல்வேன்!

கணக்கு எளிதானது. ஒவ்வொரு கயிற்றின் விசையையும் இரண்டு கூறுகளாகப் பிரிக்க வேண்டும். வடக்கே எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு என்று. பிறகு வடக்கோடு வடக்கைக் கூட்டு. கிழக்கும் மேற்கும் எதிரெதிர். ஒன்றில் மற்றதைக் கழி. பக்கவாட்டில் மிச்சம் இல்லையென்றால் மரம் நேர் வடக்கே சாயும். வீடு இடைஞ்சலாக இருந்ததால் கிழக்குக் கயிறு வடக்கை ஒட்டியே போயிற்று. மேற்குக் கயிறு நன்றாக விரிந்து போயிற்று. இரண்டு பக்கமும் சமமாக ஆள் நிற்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். கிழக்கே ஆறு பேர், மேற்கே பத்துப் பேர் என்று விடை வந்தது.

மச்சான்தான் கிழக்குக் கயிற்றின் முதல் ஆள். "மாப்ள சொன்னாச் சரியாத்தேன் இருக்கும். ஏலே, மிச்சப் பேரு அங்கிட்டுப் போங்கடா!" என்றார். என்னைப் பற்றி அவருக்கு அம்புட்டுப் பெருமை.

பேச்சியம்மாள் கேட்டாள்: "தம்பி, கன்னுக்குட்டிய அவுத்துட்டு வந்துரட்டுமா?"

"வேணாம் பேச்சியக்கா. மரம் இங்கிட்டு வராது."

அவள் நிம்மதியாகக் கொட்டகைக்குள் சாணி அள்ளப் போனாள்.

அடிமரத்தில் கோடரி விழுந்தது. கயிறுகள் விறைத்தன. மரம் முனகியது... வடக்கே அல்ல, வடமேற்கே! கொட்டகைக் கூரைமேல் அது விழுந்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

எல்லோரும் கொட்டகைக்கு ஓடினார்கள். நான் ஓடினேனா? இல்லை. குனிந்து மண்ணைப் பார்த்தேன். பக்கவாட்டுக் கூறுக்குச் சைன் போட வேண்டியவன் கொசைன் போட்டிருந்தேன். பத்துப் பேர் கிழக்கே நின்றிருக்க வேண்டும். ஆறு பேர் மேற்கே! இதே பிழைக்காக எத்தனை மாணவர்களைப் பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறேன், தெரியுமா?

அப்போது எவனோ கத்தினான்: "கெழக்கால நின்னவய்ங்க கையத் தளர விட்டுட்டாய்ங்கப்பா!"

நான் காலால் மண்ணைத் தேய்த்து அழித்தேன். பதற்றத்தில் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். நிதானமாக, ஒரு எழுத்துக்கூட மிச்சமில்லாமல் அழித்தேன்.

பேச்சியம்மாளைக் கட்டிலோடு வண்டியில் ஏற்றித் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கயிற்றின் முதல் ஆள் என்று ஊர் மச்சானையே கைகாட்டியது. சாயங்காலம் அவர் என்னிடம் வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கயிறு அறுத்து உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. கையை விட்டவனுக்கு அப்படி உரியுமா?

"இறுக்கித்தேன் பிடிச்சிருந்தேன் மாப்ள. இருந்தாலும்... கடைசில விட்டுட்டேனோ?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்ததில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இருக்கும் மச்சான். அந்தப் பதட்டத்துல நமக்குத் தெரியாது."

அவர் தலையாட்டினார். அவ்வளவுதான். என் பிழை அவருடையதாகிவிட்டது.

பேச்சியம்மாள் பிழைத்தாள், ஆனால் அதன்பின் நிமிர்ந்து நடக்கவில்லை. அவள் வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பதும் விறகு பிளப்பதும் மச்சானின் வேலையாயின. கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்க முதல் தோள் கொடுக்கிறவர், கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கூப்பிட்டால், "என் கைய நம்ப முடியாதுப்பா" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பொய் சொன்னேன் சுவாமி என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்டார். சின்னச் சின்னப் பொய்தான் என்றேன்... அங்கேயும் பொய்!

இன்டர்மீடியட் போய் பி.யு.சி. வந்தது. பாடம் மாறவில்லை. கரும்பலகையில் இரண்டு அம்புகளைப் போட்டுக் கூறுகளைக் கூட்டும்போதெல்லாம் சைனா, கொசைனா என்று ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்ப்பேன். மாணவர்களுக்கு நான் கண்டிப்பான வாத்தியார்.

சென்ற ஆண்டு மச்சான் காய்ச்சலில் போய்விட்டார். பேச்சியம்மாள் கம்பை ஊன்றி வந்து சவப்பெட்டியருகே நின்றாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வேணும்னா விட்டாரு? நான் என்னைக்கோ மன்னிச்சிட்டேன் தாயி. அவருகிட்டச் சொல்லாமப் போயிட்டேனே."

அக்கா அவள் தோளில் விழுந்து அழுதாள். "இத ஒரு வார்த்த கேட்டுருந்தா அந்த மனுசன் நிம்மதியாக் கண்ண மூடிருப்பாரே!"

நான் இருவருக்கும் நடுவில் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். "வெயில் ஏறுது... பெட்டியத் தூக்கலாமா?" என்றேன்.

இரண்டு பேரும் இன்னும் இருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமைகூட அக்கா வீட்டில்தான் சாப்பிட்டேன். பேச்சியம்மாள் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, என் இலையில் குழம்பு ஊற்றினாள்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவர்களிடம் சொல்லவில்லை.