மிதித்துப் பார்க்கிற வேலை

ஒருவருடைய உடம்புப் பருமனுக்காகவே அவருக்கு மரியாதை கிடைத்ததை நான் குவைத்தில்தான் பார்த்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. மங்காஃபில் எங்கள் ரூம். அங்கிருந்து வேனில் பத்து நிமிடம் போனால் பழைய வில்லாக்கள் வரிசையாக இருக்கும். சரிவான கூரை, அதன்மேல் தார் பூசிய அட்டை ஓடுகள். ஷிங்கிள் என்போம். பழையதை உரித்துப் போட்டு, அடியில் இருக்கும் ப்ளைவுட் பலகையைச் சரிசெய்து, புதிய ஷிங்கிள் ஒட்டத் தயாராக்கிக் கொடுப்பது எங்கள் வேலை.

உரிப்பதுகூடப் பெரிதில்லை. ஆணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்கிக் கூட்டித் தள்ளிய பிறகு, எந்தப் பலகை உளுத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மழையே அபூர்வமான ஊரில் பலகை எப்படி உளுக்கும் என்று கேட்பீர்கள். கூரைக்குள் ஓடும் ஏசி குழாய் வருடக்கணக்கில் வியர்த்து, அந்த ஈரம் பலகையின் அடிப்பக்கம் ஏறிவிடும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, மிதித்துத்தான் பார்க்க வேண்டும். என்னைப் போன்ற ஒல்லிக்குச்சி மிதித்தால் உளுத்த பலகையும் நல்ல பலகை மாதிரி நடிக்கும். அதனால் தொண்ணூற்றிரண்டு கிலோ இருந்த ராமநாதபுரத்து அண்ணனைத்தான் போர்மேன் நடக்க விடுவார். ரோடு ரோலர் என்று கேலி செய்வோம், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒருமுறை ஒரு வீட்டில் அவருடைய வலது கால் தொடைவரை பலகைக்குள் இறங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, தோல்தான் உரிந்தது. ஆனால் தைரியம் போய்விட்டது. அடுத்த வீட்டில் மிதித்துப் பார்க்க வேண்டிய அன்று ஏணியடியிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, என்னால ஏற முடியலப்பா. காலு கிடந்து நடுங்குது. போர்மேனுக்குத் தெரிஞ்சா ஊருக்கு ஏத்திவிட்ருவாரு. வந்து எட்டு மாசந்தான் ஆகுது. இப்பப் போயி வீட்டுல என்னன்னு சொல்லுவேன்?"

பாவமாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலும் வந்தது, மறைப்பானேன். இவருக்காக நானா மிதித்துச் சாக வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே கணக்கும் போட்டேன். நான் ஐம்பத்தெட்டு கிலோ, ஒரு கட்டு ஷிங்கிள் முப்பது, மீதிக்குச் சுத்தியலும் ஆணிப்பையும். போர்மேன் வேறு சைட்டுக்குப் போயிருந்தார்.

"நீங்க கூரைக்கு அடியில சீலிங்குக்குள்ள புகுந்து டார்ச் அடிச்சுப் பாருங்கண்ணே. நான் மேல மிதிக்கிறேன்" என்றேன்.

பாதிக் கூரை அப்படி முடிந்தது. தோளில் ஷிங்கிள் கட்டைச் சுமந்துகொண்டு வெறும் கூரையில் ஒருவன் குறுக்கும் நெடுக்கும் நடந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? திரும்பி வந்த போர்மேன் கீழேயிருந்தே, "யே க்யா ஹை, பாய்?" என்று, இது என்ன கூத்து என்கிற மாதிரி கேட்டார். ஏதோ உளறினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கெட்டவர் இல்லை. கூரையில் ஏற முடியாதவரை வைத்துக்கொண்டு ஆபீஸுக்குத் தான் என்ன சொல்வது, இப்போது ஏறினால் சரி, இல்லாவிட்டால் கலாஸ், வேலை முடிந்தது என்று இந்தியில் சொன்னார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

அண்ணன் உடம்பெல்லாம் தூசியும் சிலந்தி வலையுமாக இறங்கி வந்தார். ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏறுங்கண்ணே. நான் உள்ள இருந்து உங்க கூடவே வர்றேன். நீங்க மிதிக்கிற பலகையக் கையால தாங்கிக்கிறேன்."

ஏறினார். நான் சீலிங்குக்குள் தவழ்ந்தேன். அவர் மிதித்த இடத்திலெல்லாம் இரண்டு கையையும் விரித்து முட்டுக் கொடுத்தேன். பலகை வளைந்து உள்ளங்கையில் அழுந்தியது.

"தம்பி, இருக்கியா?"

"இருக்கேண்ணே. வைங்க."

ஓர் இடத்தில் டார்ச் வெளிச்சத்தில் பலகை கறுத்துப் போயிருந்தது. தாண்டி வைக்கச் சொன்னேன். தாண்டி வைத்துவிட்டு, குனிந்து அதில் சாக்பீஸால் குறி போட்டார். மறுபடியும், "இருக்கியா?"

தொண்ணூற்றிரண்டு கிலோ உள்ளே இறங்கினால் என் கை எப்படித் தாங்கும்? இரண்டு பேருமாகச் சீலிங்கை உடைத்துக்கொண்டு கீழே ஹாலில் கிடந்திருப்போம். எட்டு மாதம் அதே வேலை பார்த்தவருக்கு அது தெரியாதா என்ன. ஆனாலும் ஒவ்வோர் அடிக்கும் கேட்டார். ஒவ்வோர் அடிக்கும் நானும் பதில் சொன்னேன்.

மறுகோடிக்கு அவர் போய்ச் சேர்ந்ததும் போர்மேன், "அச்சா, டீக் ஹை" என்று சொல்லிவிட்டு வேனுக்குப் போனார். நான் வெளியே வந்தபோது அண்ணன் ஏணியடியில் உட்கார்ந்திருந்தார். என் கைகளை இழுத்து விரித்துப் பார்த்தார். சிராய்த்து, சிவந்து போயிருந்தன.

"இந்தக் குச்சிக் கைய நம்பியாடா நான் நடந்தேன்?" என்று சிரிக்க ஆரம்பித்தவர், கையை விடாமலே அழுதுவிட்டார்.