எங்கள் வளவுக் கிணறு

இன்று காலையும் குழாயில் கலங்கல் தண்ணீர்தான் வந்தது. அந்தச் சேற்று வாசனையோடு, நெளுக்குளத்தில் நாங்கள் இருந்த வீட்டு வளவும், இப்போது மாடிக் கடைகள் நிற்கும் இடத்தில் அன்றிருந்த கிணறும் நினைவுக்கு வந்தன.

மலைநாட்டிலிருந்து வந்த அப்பாவும் அம்மாவும் காடு வெட்டிக் குடியேறியபோது ஒழுங்கையின் இரு பக்கமும் நான்கே வீடுகள். பிறகு சண்டைக்குத் தப்பிச் சனம் வரவர, வயலோரமெல்லாம் ஓலைக் கிடுகு வேய்ந்த கொட்டில்கள் எழும்பின; அத்தனை பேருக்கும் தண்ணீர் எங்கள் கிணற்றில்தான். வாளிகள் முட்டும் சத்தமும், கப்பியின் கிறீச்சொலியும், பெயர் தெரியாத பிள்ளைகளின் அழுகையும் விடியலிலேயே எங்கள் வளவுக்குள் வந்து, பொழுதுபடும்வரை ஓயாமல் கிடக்கும்.

ஒரு கோடையில் வாளியில் சேறு வந்தது. அப்பா கேற்றுக்குப் பூட்டு வாங்கி வந்தார்.

"எங்கட பிள்ளையளுக்கே தண்ணி இல்லை," என்றார். குரலில் கோபமில்லை, களைப்புத்தான்.

"நாங்கள் முதல்முதல் வந்த அண்டைக்கு ஆருடைய கிணத்தில குடிச்சனாங்கள்?" என்று அம்மா கேட்டார்.

அப்பா எழும்பினார். பூட்டைக் கதிரையில் வைத்துவிட்டு, கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கினார். தண்ணீருக்கு வரிசையில் நின்ற இரண்டு ஆண்கள் மண்வெட்டியோடு பின்னால் இறங்கினார்கள். பின்னேரம்வரை வாளி வாளியாய் வந்த சேற்றைப் பெண்கள் கைமாற்றிக் கொட்டினார்கள். ஊற்று கசிந்து தண்ணீர் தெளிந்ததும், அம்மா முதல் வாளியை அப்பாவிடம் நீட்டினார்.

"அந்தப் பிள்ளைக்காரிக்குக் குடு," என்று, கிணற்றடியில் கைக்குழந்தையோடு நின்றவளைக் காட்டிச் சொல்லிவிட்டு, அப்பா எங்கள் வீட்டு வாளியோடு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.